பஞ்சுல ஒண்ணும் ஒட்டல: அக்குள் கருப்புன்னு வந்த ஒரு பொண்ணோட கேஸ்

நான் ஈரோட்டுல தோல் டாக்டரா இருக்கேன். இந்த கேஸை எழுதலாமான்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன், "பேர் போடாம எழுதுங்க டாக்டர், எங்க கடையிலயே நாலஞ்சு பேர் இதே மாதிரி எலுமிச்சம்பழத்த தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க"ன்னு சொல்லுச்சு. அடையாளம் தெரியற விஷயத்த எல்லாம் மாத்திட்டேன், நோய் சம்பந்தப்பட்டது மட்டும் இருந்தது இருந்தபடி.

வயசு 24. ஜவுளிக்கடையில பில்லிங் கவுண்டர்ல வேலை, காலையில ஒம்பதரைக்குப் போனா ராத்திரி ஒம்போது. தை மாசக் கடைசியில அம்மாவோட வந்துச்சு. வைகாசியில முகூர்த்தம் வச்சிருக்காங்க, ரிசப்ஷனுக்கு ஸ்லீவ்லெஸ் பிளவுஸ் தைக்கக் குடுத்தாச்சு, ரெண்டு அக்குளும் கருகருன்னு இருக்கு, நாலு மாசத்துல சரி பண்ணிக் குடுங்கன்னு கேட்டாங்க. கேட்டது அம்மா. பொண்ணு வாயே தெறக்கல.

"சொல்லிச் சொல்லிப் பாத்துட்டனுங்க டாக்டரம்மா, கக்கத்துல நல்லா தேய்ச்சுக் குளின்னா கேக்கறதே இல்லீங்க."

அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்குச்சு. எனக்கு அங்கயே பாதி ஹிஸ்டரி கெடச்சிருச்சு. இந்த ஒரு வார்த்தைய கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பிள்ளைங்க தோலைத் தேய்ச்சே புண்ணாக்கிக்கிட்டு வருதுங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

அம்மாவ வெளிய உக்கார வச்சுட்டு தனியா கேட்டப்பதான் முழுசா வந்துச்சு. பத்தாவது படிக்கறப்பவே கழுத்தும் கக்கமும் கருக்க ஆரம்பிச்சிருக்கு. காலேஜ்ல ரேசர், வாரத்துக்கு ரெண்டு தடவை, சோப்பு கூட போடாம வெறும் தண்ணியில. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு எலுமிச்சம்பழத்தோட ஆப்ப சோடாவ கலந்து தேய்ப்பு, ரெண்டு வருஷமா விட்டு விட்டு. ஒரு பார்லர்ல ப்ளீச் போட்டு ஒரு வாரம் எரிச்சல். டியோடரண்ட் ஸ்ப்ரே தெனமும், ஷேவ் பண்ணின கையோட. கடைசியா ஒரு மெடிக்கல் ஷாப்ல "கருப்புக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டு வாங்கின ஒரு கிரீம், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு அஞ்சு மாசம். பையிலருந்து அந்த ட்யூப எடுத்துக் காட்டுச்சு, நசுக்கி நசுக்கி கடைசி வரைக்கும் எடுத்திருக்கு. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் மூணும் சேர்ந்த கிரீம். மொமெட்டாசோன்ங்கறது ஸ்டீராய்டு. இந்த மாதிரி கிரீம் முகத்துல வர்ற மங்குக்கு டாக்டர் பார்வையில சில வாரம் போடறதுக்கு உண்டான மருந்து, கக்கத்துல அஞ்சு மாசம் போடறதுக்கு இல்ல.

"மொதல் ரெண்டு வாரம் நல்லா வெளுத்துச்சு டாக்டர், அப்புறம் ஒரு நாள் போடலைன்னாலும் எரியுது, முன்ன விட கருப்பாயிருச்சு."

இத நான் வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் கேக்கறேன். முன்கைத் தோல்ல எவ்வளவு ஸ்டீராய்டு உள்ள போகும்னு வச்சுக்கிட்டா, அக்குள்ல அதுபோல 3.6 மடங்கு போகும்னு 1967-லயே அளந்து காட்டிட்டாங்க. தோல் மெல்லிசு, எப்பவும் மடிஞ்சு மூடியே இருக்கு, வேர்வையில ஊறி இருக்கு, அதனால போட்டது அதிகமா உள்ள இறங்கும். 2018-ல மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஷெட்யூல் ஹெச்-ல கொண்டு வந்தாங்க, ஆனா இன்னைக்கும் கவுண்டர்ல கைய நீட்டினா கெடைக்குது.

சரி, பரிசோதனைக்கு வர்றேன். ஜன்னல் வெளிச்சத்துல கைய தூக்கச் சொல்லிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, சாம்பல் கலந்த கருப்பு, ஓரம் இங்கதான் முடியுதுன்னு கோடு போட்ட மாதிரி இல்லாம மெதுவா கலைஞ்சு போகுது. விரலால தடவுனா தடிப்பு தெரியுது, டர்க்கி டவலை தடவுற மாதிரி, ஒரு பக்கமா போனா வழவழன்னும் எதிர்ப்பக்கமா வந்தா சொரசொரன்னும். நடுவுல குறுக்கால கோடு கோடா மடிப்பு, ஓரத்துல கடுகு அளவுல மூணு மரு. கழுத்துக்குப் பின்னாடியும் இதேதான், முடிய விரிச்சுப் போட்டு மறைச்சிருந்துச்சு. முன்பக்க மடிப்புல மட்டும் வேற ஒண்ணு: செவப்பா ரெண்டு மூணு வரி, கர்ப்பிணிங்க வயித்துல வருமே அந்த மாதிரி. அது ஸ்டீராய்டு கிழிச்ச வரி. தாடைக்குக் கீழ முரட்டு முடி கொஞ்சம். எடை 71 கிலோ, உயரம் 156 செ.மீ., இடுப்பு 92 செ.மீ. நம்ம ஊர் பொண்ணுங்களுக்கு இடுப்பு 80-ஐ தாண்டினாலே கவனிக்கணும்.

அப்ப அம்மாவ திரும்ப உள்ள கூப்பிட்டேன். ஸ்பிரிட்ல பஞ்ச நனைச்சு, அவங்க கண்ணு முன்னாடியே பொண்ணோட அக்குள நல்லா அழுத்தித் தொடைச்சேன், ரெண்டு தடவை, மூணு தடவை. பஞ்சை அவங்க கையில குடுத்து லைட்டுல பாக்கச் சொன்னேன்.

வெள்ளையாவே இருந்துச்சு.

இது அம்மாவுக்காக மட்டும் பண்ணினதில்ல. நல்லா குளிச்சாலும் போகாம அழுக்கு மாதிரியே பழுப்பா படியற ஒரு தோல் பிரச்சனை உண்மையிலயே இருக்கு, சோப்புக்கு அசையாது, ஸ்பிரிட் பஞ்சுக்கு மொத்தமா வந்துரும். அது இல்லைன்னு பாக்கறதுக்கும் இதுதான் டெஸ்ட். ஆனா அம்மாவுக்கு அது போய்ச் சேர்ந்துச்சு. பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அப்ப இது அழுக்கு இல்லீங்களா"ன்னு மெதுவா கேட்டாங்க. இல்லீங்கம்மா, ஒரு நாளும் அழுக்கா இருந்ததில்லன்னேன்.

இப்ப அந்தத் தடிப்பு என்னங்கறதுதான் விஷயமே. இதுக்கு அகாந்தோசிஸ் நைக்ரிக்கன்ஸ்னு பேர். நாம சாப்பிடற மாவுச்சத்து ரத்தத்துல சர்க்கரையாகுது, அத செல்லுக்குள்ள தள்றதுக்கு கணையம் இன்சுலின சுரக்குது. சில பேருக்கு உடம்பு அந்த இன்சுலினுக்கு சரியா பதில் சொல்லாது, அப்ப கணையம் இன்னும் இன்னும் சுரந்து சமாளிக்கும், சர்க்கரை அளவு பாத்தா நார்மலாவே இருக்கும், ஆனா பின்னாடி இன்சுலின் ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஓடிக்கிட்டு இருக்கும். அவ்வளவு இன்சுலின் ரத்தத்துல இருந்தா அது தோல் செல்லுல வளரச் சொல்ற சிக்னல வாங்கற ரிசெப்டர்களையும் போய்த் தட்டும், தோல் செல்லு வேகமா பெருகும், அடுக்கடுக்கா தடிக்கும், குட்டிக் குட்டி மேடு பள்ளமா மடியும். மரு வர்றதும் அதனாலதான். கழுத்து, கக்கம், தொடை இடுக்குன்னு மடிப்பு இருக்கற இடத்துல முதல்ல தெரியும். நம்ம கண்ணுக்குக் கருப்பா தெரியறது பெரும்பாலும் இந்தத் தடிச்ச மேல்தோலுதான், மெலனின் அதிகமானதால இல்ல. அதனாலதான் ப்ளீச்சும் வெளுக்கற கிரீமும் அங்க தோத்துப் போகுது, இல்லாத சாயத்தப் போயி அது எப்படி எடுக்கும்?

ஆனா இந்தப் பொண்ணுக்கு அது மட்டும் இல்ல. ரேசர், எலுமிச்சை, சோடா, ஸ்ப்ரே எல்லாம் சேர்ந்து தோலுல ஓயாத அரிப்பும் எரிச்சலும் குடுத்திருக்கு, நம்ம மாநிறத் தோல் எங்க வீங்கி எரிஞ்சாலும் ஆறறப்ப கருப்பு விட்டுட்டுத்தான் ஆறும். எலுமிச்சை நல்ல அமிலம், பிஹெச் 2 பக்கம் வரும், ஆப்ப சோடா அதுக்கு நேரெதிரா காரம், பிஹெச் 8-க்கு மேல, தோலுக்குப் புடிச்சது 5 பக்கம். ரெண்டையும் போட்டு பரபரன்னு தேய்ச்சா தோலோட காப்பே போயிரும். ஆக தடிப்பு ஒரு அடுக்கு, அதுக்கு மேல எரிச்சலால வந்த உண்மையான மெலனின் கருப்பு ஒரு அடுக்கு, அதுக்கு மேல ஸ்டீராய்டு பழக்கம்.

டியோடரண்ட் அலர்ஜியா இருக்குமோன்னும் யோசிச்சேன். ஸ்ப்ரேயால வர்ற அலர்ஜி குழியோட நடுவுல இருக்கும், துணிச் சாயத்தால வர்றது நடுக்குழிய விட்டுட்டு சுத்தி ஓரத்துல இருக்கும், ஏன்னா துணி உரசற இடம் அதுதான். இங்க ரெண்டுமே அப்படித் தெளிவா இல்ல. இன்னொண்ணையும் மனசுல ஓட்டிப் பாத்துக்கறது வழக்கம்: 50 தாண்டின ஒருத்தருக்கு, ஒல்லியா இருந்து, எடை குறைஞ்சுக்கிட்டே வந்து, சில மாசத்துக்குள்ள திடீர்னு கக்கம், உள்ளங்கை, வாய் எல்லாம் தடிச்சுக் கருத்தா அது வயித்துப் புத்துநோயோட அடையாளமா இருக்கலாம், உடனே எண்டோஸ்கோப்பி பாக்கணும். இந்தப் பொண்ணுக்கு அந்த பயம் வேண்டியதில்ல.

உட்ஸ் லேம்ப்னு ஒரு ஊதா விளக்கு உண்டு, ரூம இருட்டாக்கிட்டு அத அடிச்சுப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. ஆனா மடிப்போட அடியில லேசா பழுப்புச் செவப்பும் மெல்லிசா பொருக்கும் இருந்தது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. காலையில நல்லா தேய்ச்சுக் குளிச்சுட்டு வந்தியா கண்ணுன்னு கேட்டேன், ரெண்டு தடவை டாக்டர், டாக்டர்கிட்ட போறோம்ல அதான்னு சொல்லுச்சு. கொரைனிபாக்டீரியம்னு ஒரு கிருமி, அது வெளிவிடற ஒரு பொருள்தான் அந்த விளக்குல பவளச் செவப்பா மின்னும், குளிச்சா அது கழுவிட்டுப் போயிரும். அதனால அடுத்த வாரம் வர்றப்ப அந்த இடத்துல சோப்பு போடாம, அன்னைக்குக் காலையில குளிக்காம வரணும்னு சொன்னேன். பொண்ணு அம்மாவ ஒரு பார்வை பாத்துச்சு. எனக்கே தொண்டை அடைச்சுது, வாழ்க்கையில முதல் தடவை யாரோ ஒருத்தர் அத குளிக்காதேன்னு சொல்றாங்க.

அந்த ஒரு வாரத்துக்கு மருந்துன்னு ஒண்ணும் எழுதல. கிரீம், எலுமிச்சை, ஸ்ப்ரே, ரேசர், பீர்க்கங்காய் நார் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னேன், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் மட்டும். ஸ்டீராய்ட நிறுத்தினா நாலஞ்சு நாள்ல எரிச்சலும் செவப்பும் கூடும், பயந்துக்கிட்டு திரும்ப ட்யூப தேடாதே, எனக்கு போன் பண்ணுன்னு முன்கூட்டியே சொல்லி வச்சேன். ஆறாவது நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் வந்துச்சு, அழுதுக்கிட்டே. ஈரத்துணி ஒத்தடம் குடுக்கச் சொல்லி அன்னைக்கு ஓட்டினோம். முன்னாடியே சொல்லி வைக்கலைன்னா அது கண்டிப்பா மெடிக்கலுக்குத்தான் போயிருக்கும்.

ரெண்டாவது தடவை விளக்க அடிச்சதும் மடிப்போட அடியில பவளக் கலர்ல ஒரு பட்டை பளிச்னு தெரிஞ்சுது. எரித்ராஸ்மா, அந்தக் கிருமியால வர்ற தோல் தொற்று. வேர்வை, எடை, இன்சுலின் கோளாறு இருக்கறவங்களுக்கு சுலபமா வரும். ஃப்யூசிடிக் ஆசிட் கிரீம் 14 நாள், ரெண்டு வேளை. அதுலயே அந்தப் பழுப்புச் செவப்பு போயிருச்சு. இத பாக்காம நேரா வெளுக்கற மருந்துல இறங்கியிருந்தா மாசக்கணக்கா சுத்தியிருப்போம்.

ரத்த ரிப்போர்ட்டும் வந்துச்சு. வெறும் வயித்துல சர்க்கரை 104, இன்சுலின் 22, மூணு மாசச் சர்க்கரையோட சராசரிய காட்டற ஹெச்பிஏ1சி 5.9. சர்க்கரைய இன்சுலினால பெருக்கி 405-ஆல வகுத்தா ஒரு கணக்கு வரும், 2.5-க்கு மேல போனா இன்சுலின் சரியா வேலை செய்யலன்னு பெரும்பாலும் எடுத்துக்குவோம், இதுக்கு 5.6 வந்துச்சு. தைராய்டு நார்மல். மாதவிலக்கு 45 நாள், சில சமயம் 60 நாள். மகப்பேறு டாக்டர்கிட்ட அனுப்பினதுல பிசிஓஎஸ்-னு, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனைன்னு உறுதியாச்சு. கக்கம் கருப்புன்னு வந்த பொண்ணு சர்க்கரைக்கு முந்தின படியில நின்னுக்கிட்டு இருக்கு, ஒம்பது வருஷமா அந்தத் தோல் கழுத்துல எழுதி ஒட்டி வச்ச மாதிரி அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, யாரும் படிக்கல. 2023-ல வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வுல நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை, அதுக்கு முந்தின நெலமையில இன்னும் 13 கோடிப் பேருக்கு மேலன்னு கணக்கு வந்துச்சு. அவங்கள்ல எத்தன பேர் கழுத்தத் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்களோ.

சாப்பாடு கேட்டேன். காலையில இட்லி நாலு, மத்தியானம் டிபன் பாக்ஸ்ல சாதம், ராத்திரி பத்து மணிக்கு மேல தோசை. நான் நின்ன இடம் டீ. கடையில ஒரு நாளைக்கு அஞ்சு டீ வருமாம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஆக பத்து ஸ்பூன், சுமாரா 50 கிராம். 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. டீய நிறுத்துன்னு சொன்னா அந்த வேலையில யாராலயும் முடியாது, நின்னுக்கிட்டே இருக்கற உடம்புக்கு அந்த அஞ்சு நிமிஷம்தான் உக்கார்ற நேரம். அதனால ரெண்டு டீ, சர்க்கரை இல்லாம, மத்த நேரம் மோர். மத்தியான சாதத்துல பாதிய எடுத்துட்டு அந்த எடத்துல சுண்டலோ முட்டையோ பொரியலோ. ராத்திரி வீட்டுக்கு ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கி நடக்கறது. அந்த மகப்பேறு டாக்டர், இன்சுலின் ஒழுங்கா வேலை செய்ய உதவற மெட்ஃபார்மின் மாத்திரைய 500 மி.கி. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுல ஆரம்பிச்சு ரெண்டாக்கினாங்க.

மூணாவது வாரத்துலருந்து ராத்திரி டாக்ரோலிமஸ்னு ஸ்டீராய்டு இல்லாத ஆயின்மென்ட், நாலு வாரம், ஸ்டீராய்டு விட்ட எரிச்சல அடக்க. முடிக்கு ரேசருக்குப் பதில் ட்ரிம்மர். லேசர் பத்தி கேட்டுச்சு, நம்ம தோல் நிறத்துக்கு 1064 நேனோமீட்டர் என்டி யாக் லேசர் பாதுகாப்பானது, முடி குறைஞ்சா உரசலும் குறையும், ஆனா கல்யாணச் செலவு இருக்கற வீட்டுல அதத்தான் முதல்ல பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன்.

ஏழாவது வாரம் நான் ஒரு தப்பு பண்ணினேன், அதையும் எழுதணும். தடிப்ப உரிக்கறதுக்கு 10% யூரியா கிரீமோட அடாப்பலீன் 0.1% ஜெல்ல தெனமும் ராத்திரி போடச் சொன்னேன். பங்குனி வெயில், கடையில ஏசி மேல் மாடிக்கு மட்டும், யூனிஃபார்ம் பாலியஸ்டர். பத்தே நாள்ல அக்குள் உரிஞ்சு செவந்து எரிஞ்சு, ஆறினப்ப இன்னும் கொஞ்சம் கருத்துருச்சு. முகத்துக்குப் போடற கணக்க மடிப்புக்குப் போட்டது என் அவசரம், முகூர்த்தத் தேதி என் மனசுலயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. மூணு வாரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு, திரும்ப வாரத்துக்கு ரெண்டு நாள், போட்டு ஒரு மணி நேரத்துல கழுவற மாதிரி ஆரம்பிச்சேன், அது ஒத்துக்கிச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நான் அவசரப்பட்டுட்டேன் கண்ணுன்னு சொன்னேன். அது கோவிச்சுக்கல.

வைகாசி வந்தப்ப கருப்பு பாதிக்கு மேல இருந்துச்சு. நாலு மாசத்துல முடியாதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தேன், ஸ்லீவ்லெஸ் பிளவுஸுக்கு முழங்கை வரைக்கும் நெட் துணியில கை வச்சுத் தைச்சுக்கிட்டாங்க. எடை அப்ப 67.

கல்யாணத்துக்கு அப்புறம் அடாப்பலீன நிறுத்திட்டேன், குழந்தைக்குப் பாக்கறவங்களுக்கு அது வேண்டாம். அதுக்குப் பதில் அசிலாயிக் ஆசிட் 10%, அது கர்ப்பம் தரிச்சாலும் பயமில்லாம போடலாம், எரிச்சலால வந்த மெலனின் கருப்புக்கும் நல்லா கேக்கும். யூரியா கிரீம் தொடர்ந்துச்சு. ஆறாவது மாசம் எடை 65.5, ஹெச்பிஏ1சி 5.6, இன்சுலின் 13, மாதவிலக்கு 33 நாளுக்கு ஒரு தடவைன்னு வந்துருச்சு. ஒவ்வொரு தடவையும் அதே ஜன்னல், அதே நேரம், அதே தூரத்துல போட்டோ எடுத்து வச்சிருந்தேன், இல்லன்னா மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, தெனமும் கண்ணாடியில பாக்கறவங்களுக்கு சுத்தமா தெரியாது. ஒம்பதாவது மாசம் முதல் போட்டோவையும் அன்னைக்கு எடுத்ததையும் பக்கத்துல வச்சுக் காட்டினேன். தடவிப் பாத்தா டவல் போயி சாதாரண தோல் மாதிரி இருக்கு. நிறம் மேல்கைய விட ஒரு சாயல் கூடுதலா இருக்கு, அது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், விளம்பரத்துல காட்டற அக்குள் யாருக்கும் கெடையாது. கழுத்து இன்னும் கொஞ்சம் பாக்கி.

அந்த ஸ்டீராய்டு வரி மட்டும் போகல. செவப்பு போயி வெள்ளிக் கோடா மாறியிருக்கு. இது எப்ப போகும்னு கேட்டுச்சு, போகாது கண்ணு, மங்கும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, கடையில ஒரு பொண்ணு அதே ட்யூப வாங்கி வச்சிருந்துச்சு, இந்தக் கோட்டக் காட்டித்தான் அத குப்பையில போட வச்சேன்னு சொல்லுச்சு.

அம்மா கதையும் இருக்கு. முதல் நாளே முந்தானைக்கு உள்ள அவங்க கழுத்தும் அதே கருப்புன்னு பாத்துட்டு ரத்தம் பாருங்கன்னு சொன்னேன், எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்கன்னுட்டாங்க. மூணாவது மாசம் அவங்களே ரிப்போர்ட்டோட வந்தாங்க, ஹெச்பிஏ1சி 7.4, இப்ப மாத்திரை சாப்பிடறாங்க. போன வாரம் சின்னவனக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, 13 வயசு. கழுத்தச் சுத்தி கருப்பு, அதுல ஒரு பக்கம் தோல் வழண்டு நீர் கோத்திருக்கு. பள்ளிக்கூடத்துல கழுத்துல அழுக்குன்னு எழுப்பி நிக்க வச்சிருக்காங்க, அவன் வீட்டுக்கு வந்து பீர்க்கங்காய் நார எடுத்துத் தேய்ச்சிருக்கான். நான் டிராயர திறக்கறதுக்குள்ள அம்மாவே மேசை மேல இருந்த பஞ்சை எடுத்து, ஸ்பிரிட்ல நனைச்சு, புண்ணு இல்லாத பக்கமா அவன் கழுத்தத் தொடைச்சு அவன் கையில குடுத்தாங்க, "பாரு சாமி"ன்னு. அவனுக்கு வெறும் வயித்து டெஸ்ட் எழுதியிருக்கேன், ரிப்போர்ட் இன்னும் வரல.